காற்றைக் குடிக்கும் கூரை

காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பிய ஃபிர்மின், பக்கத்து வீட்டு வேலியில் ஒரு மஞ்சள் தாள் கட்டப்பட்டிருப்பதைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நான்கு மூலையிலும் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். லிண்டர்பேக் ஊரில் மஞ்சள் தாளுக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். யாரோ எதையோ கட்டப் போகிறார்கள். ஊராட்சி முப்பது நாள் அவகாசம் தந்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

ஃபிர்மின் அந்த ஊருக்கு முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவர். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளிருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு பெருமை உண்டு. இந்தத் தாளைப் படிக்கும் முன்பே அவர் முகம் சுருங்கிவிட்டது.

'கூரையில் இருபது பலகைகள். காற்றிலுள்ள ஈரத்தைச் சூரிய ஒளியால் பிரித்து ஹைட்ரஜன் வாயு எடுத்தல். அதைச் சேமிக்கத் தோட்டத்தில் கலன் அமைத்தல். சோதனை முயற்சி.' கீழே பெயர்: காத்ரைன் பூல்மன்ஸ்.

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அந்தப் பலகைகள் மார்ச் மாதமே ஏறிவிட்டன. ஊரில் பாதி வீடுகளில் இருப்பதைப் போல மின்சாரப் பலகைகள் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். காத்ரைன் லூவன் நகரில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், நாற்பத்தைந்து வயது, தனியாக இருக்கிறாள், பார்த்தால் தலையசைப்பாள், நின்று பேச மாட்டாள். எட்டு மாதமாகத் தன் படுக்கையறை ஜன்னலுக்குப் பதினோரு மீட்டர் தள்ளி வாயு தயாராகிக்கொண்டிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல காரியம் செய்கிறவர்கள் ஏன் சொல்லாமல் செய்ய வேண்டும்?

அவர் ரொட்டிக் கடைக்குப் போகாமலே வீடு திரும்பினார்.

"ரொட்டி எங்க?" என்றாள் அவர் மனைவி ஹில்டா. காபி ஏற்கெனவே மேஜைக்கு வந்திருந்தது.

"காத்ரைன் வீட்டுக் கூரையில என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"கூரையில என்ன இருக்கும், ஓடு இருக்கும். ரொட்டி எங்கன்னு கேட்டேன்."

"காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வாயு பண்றா. ஹைட்ரஜன். வெடிக்கிற சரக்கு."

ஹில்டா ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "காத்துலேருந்தா? கெட்டிக்காரிதான்" என்றாள். பிறகு நேற்றைய ரொட்டியை எடுத்து வாட்ட வைத்தாள்.

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கூடத்துச் சுவரில், ஓய்வு பெற்ற நாளில் தபால் நிலையத்தார் பரிசளித்த, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானி ஒன்று தொங்கியது. அதன் முள் நாற்பத்திரண்டில் நின்றது. போன மாதம் ஐம்பத்தைந்தில் நின்றதாக அவருக்கு நினைவு.

"பாத்தியா? நம்ம வீட்டுக் காத்தையும் சேத்துக் குடிக்குது."

"ஹீட்டரப் போட்டா காத்து காயும். வருஷா வருஷம் அக்டோபர்ல காயுது. உனக்கு இந்த வருஷந்தான் அது கண்ணுல பட்டுதா?"

சந்தேகம் வந்துவிட்ட மனிதனுக்கு, அதற்கு எதிரான சாட்சி எல்லாம் அறியாமையாகவே தெரியும். ஹில்டாவுக்கு விவரம் போதாது என்று அவர் தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

புதன்கிழமை தோறும் அவர் மாதா கோயிலுக்கு எதிரே உள்ள காபிக் கடையில் சீட்டாடுவார். மாலையில் பியர் கிடைக்கும், மதியம் சூப் கிடைக்கும், பெயர் மட்டும் காபிக் கடை. அவருடைய பள்ளிக்கூடத்துத் தோழன் ஸ்டாஃப், சீட்டைக் கலைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"பலூன்ல அடைச்ச அந்தக் காலத்துலயே அது பத்தி எரிஞ்சிருக்குடா. இப்ப தோட்டத்துல தொட்டி கட்டி வைக்கப் போறாளா? வெடிச்சுதுன்னா உன் வீடு மிஞ்சாது, போஸ்ட்மேன். உன் மூக்குக் கண்ணாடிய என் வீட்டு முட்டைக்கோசுப் பாத்தியிலதான் பொறுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிர்மின் சிரிக்கவில்லை.

"சொல்லாம செஞ்சா பாரு, அதுதான் எனக்கு இடிக்குது" என்றார்.

"சொல்லுவாளா? யாரு பணம் குடுக்குறாங்களோ! நம்மள எலியா வச்சுச் சோதிச்சுப் பாக்குறாங்கடா. பணக்காரன் தெருவுல போய்ப் பண்ண வேண்டியதுதானே? ஏன் லிண்டர்பேக்?"

இந்தக் கேள்வியில் ஓர் அழகு இருந்தது. அதற்குப் பதில் தேவைப்படவில்லை. அன்று மாலையே ஃபிர்மின் ஒரு துண்டறிக்கை எழுதினார். ஆட்சேபப் படிவம் ஒன்றையும் அதோடு சேர்த்தார். மறுநாள் தன் பழைய தபால் பாதையில், அதே வரிசையில், வீடு வீடாகப் போட்டார். எந்த வீட்டில் பெட்டி இறுகிக்கிடக்கும், எந்த வீட்டில் நாய் குரைக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். முப்பத்தாறு வருடம் அவர் கொண்டுவந்த எதையும் அந்த ஊர் சந்தேகித்ததில்லை. இதையும் சந்தேகிக்கவில்லை. பத்து நாளில் தொண்ணூறு கையெழுத்து வந்தது.

இதற்கிடையில் காத்ரைன் தெருவில் எல்லோருக்கும் ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் காபியும் ஆப்பிள் கேக்கும் உண்டு, பலகைகளை வந்து பாருங்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று. ஃபிர்மின் அதை இரண்டு முறை படித்தார். கேக் கொடுத்து வாயடைக்கப் பார்க்கிறாள் என்று அவருக்குப் பட்டது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று யார் போகிறார்கள் என்று பார்த்தார். யாரும் போகவில்லை. மூன்றரை மணிக்கு ஒரே ஒரு உருவம் தெருவைச் சுற்றிக்கொண்டு காத்ரைன் வீட்டுக் கதவைத் தட்டியது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. அது ஹில்டா.

அவள் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அத்தனை கேக்கையும் நீயே தின்னியா?"

"ரெண்டு துண்டு. நல்லா இருந்துது. ஏழு பேருக்குத் தட்டு வச்சிருந்தா, பாவம்." ஹில்டா கோட்டைக் கழற்றி மாட்டினாள். "இருபது பலகையும் சேந்து நல்ல வெயில் நாள்ல குடிக்கிற ஈரம் நாலு லிட்டராம். அவ்வளவுதான். நீ உன் பூந்தொட்டிக்கு ஊத்துறதுல பாதி. கோடையில சேத்து வச்சுக் குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்கலாமாம். எரிச்சா புகை கிடையாது, தண்ணிதான் மிச்சம். வாயு கசிஞ்சாலும் மேல ஏறிப் போயிடும், அது காத்தவிட லேசு, அதனாலதான் தொட்டிய வெட்டவெளியில வைக்கிறாங்களாம்."

"அவ சொல்றத நம்பிட்டே."

"நான் கேட்டேன், அவ சொன்னா. நீயும் வந்து கேட்டிருக்கலாம்."

"ஸ்டாஃப் சொல்றான்..."

"ஸ்டாஃபோட மருமகன் என்ன வியாபாரம் பண்றான்? வீடு வீடா, குளிருக்கு வீட்டைச் சூடாக்குற எண்ணெய் ஊத்துறான். அத யோசிச்சியா?"

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. சூப் குடிக்கும் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் எத்தனையோ முறை மௌனமாக இருந்திருக்கிறார்கள். அவை இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும் மௌனங்கள். இது வேறு. இதில் ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். எதிரி வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று நம்பியிருந்த ஃபிர்மினுக்கு, இப்போது தன் மேஜையிலேயே ஒருத்தி அவள் கேக்கைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

திங்கட்கிழமை அவர் கடைக்குப் போய் அகலமான வெள்ளி நிற ஒட்டு நாடா நான்கு சுருள் வாங்கி வந்தார். அந்த வாயு மேலே போகுமோ கீழே போகுமோ, தன் வீட்டுக்குள் வரக் கூடாது. காத்ரைன் வீட்டைப் பார்த்த சுவரில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் ஒட்டினார். சமையலறையின் காற்று வழி, படுக்கையறை ஜன்னல் சட்டத்து இடுக்குகள், குளியலறைச் சுவரில் உயரே இருந்த சல்லடைத் துவாரம், எல்லாவற்றையும் இரண்டு சுற்று ஒட்டினார். குளியலறைக் கதவின் அடியிலிருந்த காற்று இடுக்கையும் விடவில்லை. ஏணியிலிருந்து இறங்கிக் கையால் தடவிப் பார்த்தார். துளிக் காற்று வரவில்லை. பல நாளுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினார்.

அந்தக் குளியலறையில் தொட்டிக்கு மேலே ஒரு கேஸ் கீசர் இருபது வருடமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மூச்சு வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பழகிப்போன பொருளை யாரும் சந்தேகிப்பதில்லை.

அந்த வாரம் மூடுபனி இறங்கியது. காற்று அசையவில்லை, புகைபோக்கிகளின் புகை மேலே ஏறாமல் கூரை மேலேயே கவிழ்ந்து கிடந்தது. இப்படிப்பட்ட நாட்களில் அடுப்பையும் கீசரையும் கவனியுங்கள் என்று வானொலியில் வருடா வருடம் சொல்வார்கள். அந்த வருடமும் சொன்னார்கள். ஃபிர்மின் விளையாட்டுச் செய்திக்காக நிலையத்தை மாற்றினார்.

ஹில்டாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றியை இறுக்கிக் கட்டியது போல வலித்தது, குமட்டியது, ஒரு மணி நேரம் படுத்தால் சரியாகிவிட்டது. ஃபிர்மின் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவருக்குப் பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிறைவாகவும் இருந்தது. தான் சொன்னது நிஜமாகிக்கொண்டிருந்தது.

அடுத்த துண்டறிக்கையில் ஒரு வரி கூடியிருந்தது: 'என் மனைவிக்கு ஏற்கெனவே கடும் தலைவலி. அடுத்து யார்?' அந்த ஒரு வரி முந்தைய அறிக்கை முழுவதையும்விட அதிகம் வேலை செய்தது. கையெழுத்து நூற்று நாற்பத்தாறு ஆயிற்று.

ரொட்டிக் கடையில் ஒரு பெண் ஹில்டாவின் கையைப் பிடித்து, "இப்ப தலை எப்படி இருக்கு?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து துண்டறிக்கையை அவர் முன் வைத்தாள்.

"என் தலைய ஊருக்கு அச்சடிச்சுக் குடுத்திருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பொய்யா எழுதினேன்? வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது. எதனால வலிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ டாக்டரா, தபால்காரனா?"

அவர் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணியோடு முப்பது நாள் முடிகிறது. அதற்குள் ஊராட்சியில் சேர்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. ஹில்டா நூலகத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால் காத்ரைன் நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்தத் துண்டறிக்கை.

"ஃபிர்மின், ஹில்டாவுக்குத் தலைவலின்னு எழுதியிருக்கீங்க. எந்தெந்த நாள்ல வருது?"

"எதுக்கு? ஆதாரத்த அழிக்கவா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "பத்து நாளா மூடுபனி. வெயில் இல்லாம என் பலகை ஒரு குமிழிகூட விடாது. கருவியில எல்லாம் பதிவாகியிருக்கு, வேணும்னா காட்டுறேன். அப்ப அந்தத் தலைவலி என் கூரையிலேருந்து வரல. வேற எங்கேருந்தோ வருது. உங்க வீட்டுல கேஸ் கீசர் இருக்கில்ல? தயவுசெஞ்சு ஆளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. குளிக்கிற நாள்ல மட்டும் வலிக்குதான்னு ஹில்டாகிட்ட கேளுங்க."

ஃபிர்மினின் மனதில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. தலைவலி வந்தது புதன், சனி. ஹில்டா குளிப்பது அந்த இரண்டு நாள்தான். ஆனால் அந்த நினைப்பு நிற்கும் முன்பே வேறொன்று வந்து அதைத் தள்ளியது: திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருக்கும்போது இவள் பழியை என் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறாள்.

"என் வீட்டு கீசர் இருபது வருஷமா எரியுது. உன் பலகை வந்து எட்டு மாசந்தான் ஆகுது" என்று கதவைச் சாத்தினார்.

அவள் வந்து போனதை அவர் ஹில்டாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஹில்டா குளிக்கப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பனி பஞ்சு போல நின்றது. எதிர் வீடு தெரியவில்லை. ஃபிர்மின் கூடத்தில் படிவங்களை எண்வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் தலை லேசாகக் கனத்தது. நாற்பது நிமிடம் கழித்துக் குளியலறையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"ஹில்டா?"

பதில் இல்லை. கதவைத் திறந்தார். ஹில்டா குளியல் அங்கியைச் சுற்றியபடி தொட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். சுவரில் கீசரின் சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஃபிர்மின் அதைப் பார்க்கவில்லை. அவர் அண்ணாந்து, சுவர் உயரத்தில் தான் ஒட்டிய நாடா பிரிந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். பிரியவில்லை. அப்படியானால் வேறு எந்த இடுக்கு வழியாகவோ அந்த வாயு வந்துவிட்டது. அவளைத் தூக்கப் பார்த்தார்; கையில் வலு இல்லை. இன்னும் வாயு உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று கதவை இறுகச் சாத்தினார். கூடத்துக்கு வந்து தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் சொன்னார்: "பக்கத்து வீட்டு ஹைட்ரஜன் கசிஞ்சிருக்கு, என் மனைவி மயங்கிட்டா." பிறகு தள்ளாடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

காத்ரைன் தன் தோட்டத்தில் சருகு வாரிக்கொண்டிருந்தாள்.

"கொன்னுட்டியேடி!" என்று கத்தினார். "என் ஹில்டாவைக் கொன்னுட்டியே!"

அவள் கையிலிருந்த வாரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஹில்டா எங்க? குளியலறையிலயா? கீசர் எரியுதா?"

"உள்ள வராதே!" ஃபிர்மின் இரண்டு கையையும் விரித்து வாசலை அடைத்து நின்றார். "தடயத்த அழிக்க வர்றியா? தீயணைப்புக்காரங்க வரட்டும். அதுவரைக்கும் நீ ஒரு அடி வைக்கக் கூடாது."

"ஃபிர்மின், நகருங்க."

"நகர மாட்டேன்."

அவள் தோளைக் கொடுத்து அவரை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அவர் நடையில் சரிந்து உட்கார்ந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவதும், ஜன்னல் ஒன்று படீரென்று திறப்பதும், தரையில் எதையோ இழுத்து வருவதும் கேட்டது. ஹில்டாவின் அக்குளில் கை கொடுத்து அவளைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு காத்ரைன் வாசலுக்கு வந்தாள்.

"வெளிய கொண்டுபோகாதே!" என்று ஃபிர்மின் தரையிலிருந்து கெஞ்சினார். "வெளியதான் வாயு இருக்கு! உள்ளயே விடு!"

அந்த வார்த்தைகள் பிற்பாடு எத்தனையோ நாள் அவர் காதுக்குள் கேட்டன.

தீயணைப்பு வண்டி வந்தபோது ஹில்டா புல்தரையில், காத்ரைனின் கோட்டின் மேல் கிடந்தாள். மூச்சு இருந்தது. மருத்துவ உதவியாளர்கள் முகமூடி வைத்துப் பிராணவாயு கொடுத்தார்கள். படைத் தலைவர், மற்ற நாளில் ஊரில் கூரை வேய்கிறவர், நெஞ்சில் விஷவாயு காட்டும் ஒரு சின்னக் கருவியை மாட்டியிருந்தார். ஃபிர்மின் காத்ரைனின் தோட்டத்தைக் காட்டினார். தலைவர் ஹைட்ரஜன் காட்டும் வேறொரு கருவியையும் எடுத்துக்கொண்டு, அவள் இதுவரை எடுத்த வாயுவைச் சின்ன உருளையில் அடைத்து வைத்திருந்த கொட்டகையைச் சுற்றி வந்தார். ஏணி போட்டுப் பலகைகள் வரை ஏறினார். இரண்டு கருவியும் வாய் திறக்கவில்லை. பிறகு அவர் ஃபிர்மினின் வாசலில் கால் வைத்தார். நெஞ்சிலிருந்த கருவி வீறிட்டது.

அவர் வெளியே வந்தபோது கையில் வெள்ளி நிற நாடா கந்தலாகத் தொங்கியது.

"இத யாரு ஒட்டினது?"

ஃபிர்மின் தன் கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்தில் உயர்த்துவது போல.

"கீசருக்குக் காத்து கிடைக்கலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும், ஐயா. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காத்து வழியெல்லாம் நீங்களே அடைச்சு வச்சிருக்கீங்க. போன வருஷம் இந்தப் பக்கத்துல மூணு பேர் இப்படித்தான் போனாங்க." அவர் காத்ரைனைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா, நாங்க வந்தும் பிரயோஜனமில்ல."

ஹில்டா கண் விழித்தது ஞாயிற்றுக்கிழமை காலையில். மருத்துவமனை ஜன்னலில் வெயில் இருந்தது. ஃபிர்மின் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் இரவு முழுவதும் பிராணவாயுவோடு படுக்க வைத்திருந்தார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமலும் இருந்துவிடலாம். காத்ரைன் சொல்லிக்கொண்டு திரிகிறவள் இல்லை.

"வியாழக்கிழமை அவ வந்தா" என்றார். "கீசரப் பாருங்கன்னு சொன்னா. குளிக்கிற நாள்லயா தலைவலின்னு உன்கிட்ட கேக்கச் சொன்னா. எனக்குக் கணக்கு அப்பவே புரிஞ்சுது, ஹில்டா. ஆனாலும் உன்கிட்ட சொல்லல."

ஹில்டா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். குழாயில் பிராணவாயு போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு செவிலி வந்து அளவைப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, அது மிகச் சின்ன வார்த்தையாக இருப்பதை உணர்ந்து மூடிக்கொண்டார்.

கடைசியில் ஹில்டா கேட்டாள்: "இந்த முப்பது நாள்ல அவகிட்ட ஒரே ஒரு கேள்வியாவது கேட்டியா நீ?"

"இல்ல."

"போ. நான் வர்றதுக்குள்ள அந்தக் காகிதத்த எல்லாம் குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வா. பெட்டியில போடாதே. ஆளைப் பாத்துக் குடு."

அன்று மதியமும் திங்கட்கிழமை காலையும் ஃபிர்மின் தன் பழைய பாதையில் மறுபடி நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் மணி அடித்து, கதவு திறந்ததும் படிவத்தை நீட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நாடாவைச் சொன்னார், வியாழக்கிழமையைச் சொன்னார், கையை விரித்து வாசலை மறித்ததையும் சொன்னார். சிலர் உச்சுக்கொட்டினார்கள். சிலர் படிவத்தை வாங்கிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "அப்ப அந்தத் தொட்டி வெடிக்கவே வெடிக்காதுங்கிறீங்களா?" என்றாள். "எனக்குத் தெரியாதும்மா. அவளுக்குத் தெரியும். நானும் கேக்கத்தான் போறேன்" என்றார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவர் காபிக் கடைக்குள் நுழைந்தபோது கையில் ஒரே ஒரு படிவம் மீதி இருந்தது. ஸ்டாஃப் வழக்கமான மேஜையில் இருந்தான். அவனோடு நான்கைந்து பேர். கடைக்கார அம்மாள் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃபிர்மின் படிவத்தை ஸ்டாஃபின் முன் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

கடைக்கார அம்மாளின் கை பாதியில் நின்றது. "எங்க மாடியிலயும் ஒரு கீசர் இருக்கு. குளிருதுன்னு இந்த மனுஷன் அந்த ஓட்டையில துணி அடைச்சு வச்சிருக்கான். பொண்ணு இப்பத்தான் குளிக்கப் போனா..." அவள் துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினாள். கீழே எல்லோரும் மேலே பார்த்தார்கள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது; பிறகு, "என்னம்மா இது, குளிக்கவும் விட மாட்டியா?" என்று ஒரு பெண்ணின் எரிச்சலான குரல். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள்.

ஸ்டாஃப் மட்டும் படிவத்தை விரலால் சுண்டினான்.

"சரிடா போஸ்ட்மேன், இப்ப உண்மையச் சொல்லு. எவ்வளவு குடுத்தா அவ? ஒரு மாசமா ஊரைக் கூட்டினவன் ரெண்டே நாள்ல தலைகீழா நிக்கிறேன்னா, சும்மாவா நிப்பே?"

சுற்றி இருந்தவர்கள் ஃபிர்மினைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகத் திரைக்குப் பின்னால் நின்று அவர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே பார்வை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. நாற்காலியை இழுத்து ஸ்டாஃபுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நல்ல கேள்விதான். என்னையே நேர்ல கேட்டே பாரு, அந்த அளவுக்கு நீ என்னைவிடப் பெரியவன். நான் அவகிட்ட அதுகூடக் கேக்கல." அவர் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார். "சந்தேகம் வர்றது பாவமில்ல, ஸ்டாஃப். புதுசா ஒண்ணு பக்கத்துல வந்தா சந்தேகம் வரத்தான் வரும், வரவும் வேணும். ஆனா அதக் கொண்டுபோய்ச் சம்பந்தப்பட்டவங்க வாசல்ல கேள்வியா வைக்கணும். நான் அத நோட்டீசாக்கி ஊர்ப் பெட்டியில போட்டேன். கேள்வி கேட்டா பதில் வரும். நோட்டீசுக்குக் கையெழுத்துதான் வரும். நூத்தி நாப்பத்தாறு கையெழுத்து வந்துது, அதுல ஒண்ணுகூட என் பொண்டாட்டிக்கு மூச்சுக் குடுக்கல. பதில் சொல்ல வந்தவ முகத்துல கதவச் சாத்தினவன் வீட்டுக்குள்ள, அவனே அடைச்சு வச்ச விஷம்தான்டா மிஞ்சும்."